சத்திரம் வரை பஸ் வருகிறது

மண்ணச்சநல்லூரில் காலை எட்டரை மணிக்கு நகரப் பேருந்தில் ஏறும் பெண்ணுக்கு டிக்கெட் காசு கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல், காவிரிப் பாலம் என்று இரண்டு ஆறுகளைத் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் இரண்டு பழைய கல்லூரிகள் இருக்கின்றன. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்து சேர்ந்த தூய வளனார் கல்லூரி ஒன்று. 1923-ல் பெண்களுக்காகத் தொடங்கிய ஹோலிகிராஸ் கல்லூரி இன்னொன்று.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு 19 வயது என்றால், எந்தக் கல்லூரி வாசலிலும் அவரை யாரும் ஏறிட்டுப் பார்க்கப்போவதில்லை. 54 வயது என்றால் கேள்வி வரும்: “யாரம்மா பார்க்கணும்? பொண்ணு எந்த டிபார்ட்மென்ட்?”

வாட்ச்மேன் மேல் குற்றமில்லை. இந்த வயதில் ஒருத்தி படிக்க வரலாம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. பல்கலைக்கழகமும் சொன்னதில்லை, அரசும் சொன்னதில்லை, அந்தப் பெண்ணின் வீட்டிலும் சொன்னதில்லை.

அவர் ஒரு கற்பனைப் பெண்தான். ஆனால் மண்ணச்சநல்லூரில் அவரைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியிருக்காது. 1987 வாக்கில் பத்தாம் வகுப்பு தேறியிருப்பார். மேலே படிக்க ஆற்றைத் தாண்ட வேண்டும் என்பதாலோ, ஜாதகம் வெளியே எடுத்துவிட்டார்கள் என்பதாலோ படிப்பு நின்றிருக்கும். அதன்பிறகு கல்யாணம், பிள்ளைகள், அரிசி ஆலையில் கணக்கெழுத்து. பொன்னி அரிசிக்குப் பெயர்போன ஊரில் முப்பது ஆண்டுகளாக மூட்டைக் கணக்கு எழுதியவருக்குக் கணிதத்தைக் கண்டு பயமிருக்க நியாயமில்லை. மகள் பி.எஸ்சி. படித்தபோது அவளுடைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார். இப்போது மகள் சென்னையில். பகல் முழுக்க வீடு காலியாகக் கிடக்கிறது.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? 2021-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் மதிப்பீடு சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. ஆளெண்ணிக்கையில் ஏறத்தாழ ஒரு கோடி. 2031-ல் இது 18.2 விழுக்காடாகும் என்கிறது அதே மதிப்பீடு. இன்னொரு பக்கம், உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது, அகில இந்திய அளவு 28.4 மட்டுமே என்று மேடைதோறும் சொல்கிறோம். 2021-22 கணக்கெடுப்பு தரும் இந்த எண்ணில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. ஆனால் அது 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையை அடியில் வைத்து வகுத்துப் பெற்ற எண். அதற்கு மேற்பட்ட வயதுக்காரர் படிக்கிறாரா இல்லையா என்று கேட்கும் கட்டமே அந்தக் கணக்கில் இல்லை. கட்டம் இல்லாத ஒன்றுக்கு இலக்கு வைக்க எந்தத் துணைவேந்தருக்கும் அவசியமில்லை.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயதைத் தமிழ்நாடு அரசு 2020-ல் 58-லிருந்து 59 ஆக்கியது. 2021-ல் அதையே 60 ஆக்கியது. அறுபது வயதுவரை ஒருவரின் மூளை கோப்புகளைப் பார்க்கும், கையெழுத்திடும், ஆணை பிறப்பிக்கும் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அதே மூளை மறுநாள் காலை ஒரு வரலாற்று வகுப்பில் உட்கார ஆசைப்பட்டால் மட்டும் “இந்த வயசுல எதுக்கு சார்?”

வயதுவந்தபின் படிப்பது காவிரிக்கரைக்குப் புது விஷயமும் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ராந்தல் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிளில் ஏறிய அந்தக் காட்சியைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி நாடே படித்தது. அதைவிட இங்கே முக்கியமான செய்தி ஒன்று உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த வெங்கடேஷ் ஆத்ரேயா அந்த இயக்கத்தோடு நெருங்கி நின்றவர். எழுத்தறிவு பெண்களுக்கு என்ன அதிகாரம் கொடுத்தது என்பதைப் பற்றி அவரும் சுங்கத்தும் சேர்ந்து எழுதிய ஆங்கில நூல் 1996-ல் வெளிவந்தது.

அன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கிராமத்துக்குப் போனார்கள். அப்போது முப்பது வயதிலிருந்த பெண்ணுக்கு இன்று அறுபத்தைந்தை ஒட்டிய வயது. அறிவொளியில் ‘பட்டா’, ‘படி’ என்று தொடங்கியவர்களின் பேத்திகள் இன்று கல்லூரி மாணவிகள். நடுவில் ஒரு தலைமுறை முழுவதும் எழுத்தறிவுச் சான்றிதழோடு நின்றுபோயிற்று. அடுத்த படி எங்கே இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் காட்டவில்லை.

காட்டாததற்குத் திட்டங்களின் வயதுக் கோடும் ஒரு காரணம். 1978 அக்டோபர் 2-ல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும் சரி, 1988-ல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் சரி, 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களையே இலக்காகக் கொண்டன. முதியோர் கல்வி என்று தமிழில் பெயர் வைத்தோம். முப்பத்தாறு வயதானவர் அதன் கணக்கில் வரவில்லை! பணமும் ஆளும் குறைவாக இருந்த காலத்தில், உழைக்கும் வயதினரை முதலில் எட்டுவோம் என்ற கணக்கில் நியாயம் இருந்தது. ஆனால் பணம் வந்தபிறகும் அந்த 35 நம் மனத்திலிருந்து அழியவில்லை.

தமிழ்நாடு பிந்தி வருபவர்களுக்கு ஒரு கதவை அகலத் திறந்து வைத்திருந்ததும் உண்டு. 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தபால்காரர் கொண்டுவந்த பழுப்பு நிறப் பாடக்கட்டுகளைப் படித்து பி.ஏ. ஆன இடைநிலை ஆசிரியர்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தேர்வெழுத வந்த பெண்கள் என்று ஒரு தலைமுறையே எழுந்தது. தமிழ்நாட்டின் நடுத்தர வர்க்கத்தைக் கட்டியதில் அந்தப் பழுப்புக் கட்டுகளுக்கும் பங்கு உண்டு.

அதன் அடுத்த கட்டமாக வந்ததுதான் திறந்தவெளிப் பல்கலைக்கழக முறை. குறிப்பிட்ட வயது நிறைந்திருந்தால், பள்ளிப் படிப்பை முடிக்காதவரும் பட்டம் படிக்கலாம். சிலர் இளநிலைப் பட்டமே இல்லாமல் நேராக எம்.ஏ. முடித்தார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. மூன்றாண்டு முதல் பட்டம் இல்லாமல் பெற்ற முதுநிலைப் பட்டம் 1985-ன் யுஜிசி விதிகளுக்குப் புறம்பானது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை 107-ஐ வெளியிட்டது. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தவருக்கே அரசு வேலையில் மதிப்பு என்றது அந்த ஆணை. வரிசை மாறிப் படித்தவர்களின் பட்டம் செல்லாக்காசானது.

தீர்ப்பில் தவறு காண முடியாது. தரத்தைப் பற்றிய கவலையும் வெறும் சாக்கு அல்ல. சில இடங்களில் தொலைநிலைக் கல்வி மையம் என்பது ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு மேசையும் ஒரு ரசீதுப் புத்தகமும்தான் என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனாலும் விளைவு என்ன? காசு கட்டி, கண்விழித்து, நேர்மையாகப் படித்தவர் மேல்தான் தண்டனை விழுந்தது. பதவி உயர்வுக்கு வரிசையில் நின்றவரை அந்த ஆணை வெளியே தள்ளியது. பிந்திப் படிப்பது என்றாலே இரண்டாம்தரப் படிப்பு என்ற எண்ணம் ஊரில் ஊறியதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம். இன்று பத்தாம் வகுப்போடு நின்றவர் பன்னிரண்டைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். அதற்குமேல், 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வழி மூடவில்லை. ஆனால் அந்த வழி பெரும்பாலும் தபாலாகவும் கணினித் திரையாகவுமே இருக்கிறது. வகுப்பறை அதில் எப்போதாவதுதான் வருகிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வியைச் சந்தித்தாக வேண்டும். 2022 ஜனவரியில் மருத்துவக் கலந்தாய்வுக்குத் தருமபுரி மாவட்டத்திலிருந்து 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். நீட் தேறியவர். அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் அவருக்கு இடம் கிடைக்கும் நிலை. கூடவே நின்றவர்களெல்லாம் பேரப்பிள்ளை வயது. இளைஞர் ஒருவரின் வாய்ப்பைத் தான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கடைசியில் அவர் விலகிக்கொண்டார். ஒடிசாவில் 2020-ல் இதற்கு நேரெதிராக நடந்தது. வங்கியில் ஓய்வுபெற்ற 64 வயதுக்காரர் ஒருவர் புர்லா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராகவே சேர்ந்தார். நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பையும் 2022-ல் நீக்கிவிட்டார்கள்.

தருமபுரி ஆசிரியர் செய்தது பெரிய மனது. ஒரு இடத்துக்குப் பலர் முட்டி மோதும் படிப்பில், நாற்பதாண்டு மருத்துவம் பார்க்கப்போகும் பெண்ணுக்கு வழிவிடுவதுதான் சரி என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம். ஆனால் அந்த நியாயத்தை எல்லா வகுப்பறைக்கும் நீட்டுவதில்தான் தவறு இருக்கிறது. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் ஆள் சேரவில்லை என்று கல்லூரிகளே புலம்புகிற காலம் இது. பொறியியல் கலந்தாய்வு முடியும்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இடங்கள் மிஞ்சுகின்றன. அறுபது பேருக்கான வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கையில், கடைசி பெஞ்சில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தால் யாருடைய வாய்ப்பு பறிபோகிறது?

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். பிரான்சின் துலூஸ் நகரில் 1973-ல் பேராசிரியர் பியர் வெல்லாஸ் ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். ஓய்வுபெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகமே நடத்திய வகுப்புகள் அவை. சில ஆண்டுகளில் அந்த எண்ணம் பிரிட்டனுக்குப் போனபோது உருமாறியது. அங்கே முதியவர்களே கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டு முதியவர்களுக்கு இந்த இரண்டாவது வகையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசகர் வட்டம், கம்பன் கழகம், திருக்குறள் பேரவை, இசைச் சபா என்று அவர்கள் எப்போதும் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் வகைதான் இங்கே இல்லை. அதைப் பல்கலைக்கழகம் மட்டுமே செய்ய முடியும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரப் பல்கலைக்கழகம் 2012-ல் ‘முதுமைக்கு இசைவான பல்கலைக்கழகம்’ என்று பத்து நெறிகளை வகுத்தது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன. சிங்கப்பூரில் 50 வயதைத் தாண்டியவர்களுக்காகத் தேசிய சில்வர் அகாடமி 2016-ல் வந்தது. அந்த வயதினரின் படிப்புக்கு அரசே கட்டண உதவி தருகிறது.

தமிழர் கதையே ஒன்று கனடாவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வேலணையில் பிறந்த வரதலட்சுமி சண்முகநாதன் 2021 நவம்பரில், தன் 87-வது வயதில், ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்த வயதில் முதுநிலைப் பட்டம் வாங்கியவர் அவருக்கு முன் இல்லை. ஒன்ராறியோ சட்டமன்றம் எழுந்து நின்று பாராட்டியது. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. தன் ஐம்பதுகளில் லண்டனில் படித்து வாங்கிய ஒரு முதுநிலைப் பட்டமும் இருந்தது. தன் எண்பதுகளில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இலங்கையின் உள்நாட்டுப் போரும் அமைதிக்கான வாய்ப்பும். அந்தப் போரின் ஆண்டுகளைக் கடந்து வந்த ஒருவர் அதைப் பற்றி வகுப்பில் பேசும்போது, அதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த இருபது வயதுக்காரருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்கலாம். பாராட்டு விழாக்களில் அதிகம் பேசப்படாத ஒரு தகவலும் இதில் உண்டு. யோர்க் பல்கலைக்கழகம் 60 வயதைத் தாண்டியவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் விண்ணப்பித்தார். மனவுறுதி அவருடையது, கட்டண விலக்கு பல்கலைக்கழகத்துடையது. நம் ஊரில் முதல் பாதியை மட்டும் போட்டோவோடு செய்தியாக்குவோம்.

கேரளத்தில் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 வாங்கிய கார்த்தியாயனி அம்மாவுக்கும் இதுதான் நடந்தது. 2018-ல் நாடு முழுவதும் அவரைக் கொண்டாடியது. வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித்தரும் ஏற்பாட்டைக் கட்டி வைத்திருந்த எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நம் காவிரிக்கரைக்கே திரும்பலாம். வயதானவர்கள் உட்கார்ந்து படிப்பது ஸ்ரீரங்கத்துக்கு அதிசயம் இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் திருவாய்மொழிக்கான ஈட்டு உரையைப் அரங்கநாதர் முன்னிலையில் ஓராண்டு சொன்னார் என்பது கோயில் மரபு. மடங்களிலும் வீதிகளிலுள்ள வீடுகளிலும் காலட்சேபம் இன்றும் தொடர்கிறது. நரைத்த தலைகள் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் என்று பாடம் கேட்கும். தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது, அவசரமும் கிடையாது. அந்தக் கூடத்துக்குள் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதியும் பாலினமும் வாசலில் நின்றன. திருச்சி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதில் வேறு ரகம். தண்டியலங்காரத்தைத் தெருவில் பிச்சை எடுத்துவந்த ஒரு பரதேசியிடம் பாடம் கேட்டவர் அவர். பிற்காலத்தில் அவரிடம் படித்தவர்களில் சவராயலு நாயகர் என்ற கிறித்தவரும் குலாம் காதிறு நாவலர் என்ற இஸ்லாமியரும் இருந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் யாரிடமும் போய் உட்காரலாம், கேட்க ஆள் வந்தால் யாரையும் உட்கார வைக்கலாம் என்ற அந்தத் திண்ணை ஒழுக்கத்தைத்தான் இன்றைய கல்லூரிகளிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். முதியோர் கல்வி மையம் என்று வளாகத்தின் ஓரத்தில் ஓர் அறையைத் திறந்து, யோகாவும் மொபைல் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுத்து, ரிப்பன் வெட்டி மூடுவதும் வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் ஒரு நாற்காலி போதும். ‘கேட்பு மாணவர்’ என்று பெயர் வைக்கலாம். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம். சிறு கட்டணம், அறுபதைத் தாண்டியவருக்கு அதுவும் வேண்டாம். தேர்வெழுதுவது அவரவர் விருப்பம். எழுதித் தேறினால் அந்த மதிப்பீட்டுப் புள்ளிகள் அவர் கணக்கில் ஏற வேண்டும். 2021-லிருந்து இயங்கும் கல்விப் புள்ளி வங்கி இதற்கு வசதியான ஏற்பாடு. நான்கைந்து ஆண்டுகள் கழித்து அவர் பட்டமே படிக்க நினைத்தால் அந்தப் புள்ளிகள் கைகொடுக்கும். நினைக்காவிட்டால் நட்டமில்லை.

1982-ல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லையில் திருச்சி, புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர், அரியலூர், தஞ்சை, திருவாரூர், நாகை என்று காவிரிப் படுகையின் பெரும்பகுதி வருகிறது. பல்கலைக்கழக வளாகம் விமான நிலையத்தையும் தாண்டி, புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. மண்ணச்சநல்லூர்க்காரர் அங்கே போய்த் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே இதைச் செய்ய வேண்டிய இடம் இணைப்புக் கல்லூரிகள்தான். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் கல்லூரிகள். பதிவாளரிடமிருந்து இரண்டு பக்கச் சுற்றறிக்கை ஒன்று போனால் தொடங்கிவிடலாம்.

இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். 2017-லிருந்து ‘ஸ்வயம்’ தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டத்துக்கு வயது வரம்பே இல்லை, ஜேஇஇ தேர்வும் வேண்டாம். இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் ஒருவரிடம் இன்னொரு திரையைக் கொடுத்து அதன்முன் உட்காரச் சொல்வது பாதி மருந்துதான். வகுப்பு என்றால் மூன்றாம் மணிக்கு நடுவே டீ குடிப்பது, பக்கத்தில் இருப்பவளிடம் நோட்டு வாங்குவது, புரியாத இடத்தில் கை தூக்குவது, வாத்தியார் தப்பாகச் சொன்னதை வெளியே வந்து சிரிப்பது. எல்லாம் சேர்ந்ததுதான் படிப்பு.

கல்லூரிக்கும் இதில் வரவு உண்டு. நெல் புழுங்கும்போது மாவுச்சத்துக்கு என்ன ஆகிறது என்று வேதியியல் வகுப்பு சொல்லும். எவ்வளவு நேரம் ஊற வேண்டும், களத்தில் எப்போது திருப்ப வேண்டும், ஒரு நெல்லைப் பல்லில் கடித்தால் அரவைக்குப் பதமா என்பதை மண்ணச்சநல்லூர் ஆலைப் பெண்கள் சொல்வார்கள். 1965-லிருந்து உயரழுத்தக் கொதிகலன் செய்யும் பெல் நிறுவனத்தில் ஓய்வுபெற்ற வெல்டர்கள் திருவெறும்பூர் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். உலோகவியல் படிக்கும் பையனின் பக்கத்து நாற்காலியில் அப்படி ஒருவர் உட்கார்ந்தால், செய்முறைத் தேர்வுக்கு அவன் தனி டியூஷன் தேடமாட்டான்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. 28 வயது விரிவுரையாளரை 58 வயது மாணவர் “சார்” என்று கூப்பிடுவார், அவரும் பதிலுக்கு “சார்” என்பார், வகுப்பு சிரிக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஓய்வுபெற்ற அதிகாரி எல்லாம் தெரிந்ததுபோல் வகுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ளப் பார்ப்பதும் நடக்கும். அவரைப் பணிவாக உட்கார வைக்க விரிவுரையாளருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். குறைந்த ஊதியத்துக்கு மணிக்கணக்கில் பாடமெடுக்கும் கௌரவ விரிவுரையாளர் தலையில் கூடுதல் வேலையைக் காசில்லாமல் கட்டவும் கூடாது. மூன்று மணி நேரம் இடைவிடாமல் எழுதும் தேர்வு கைநடுக்கம் உள்ளவருக்கு ஒத்துவராது. மாடிப்படி, இருட்டான கழிப்பறை, கரும்பலகையில் கடுகெழுத்து இவையும் பிரச்சினைகளே. ஆனால் இவற்றைச் சரிசெய்தால் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் நன்மை. அவர்களுக்கு ஏற்கெனவே சட்டப்படி செய்திருக்க வேண்டிய வேலை அது.

உள்ளதில் கடினமானது காகிதம். மாற்றுச் சான்றிதழ் இருபது வீடு மாறியதில் எங்கோ போயிருக்கும். அது கிடைத்தாலும் இனிஷியல் இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து. இருவரும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க நோட்டரி, வட்டாட்சியர் அலுவலகம், அரசிதழ் என்று அலைச்சல். தமிழ்நாட்டில் திருமணமான எத்தனை பெண்கள் இந்த ஓர் எழுத்தின் காரணமாகவே விண்ணப்பத்தை மடித்து வைத்திருப்பார்கள்! ஒரு பாடம் கேட்க வருபவரிடம் அடையாள அட்டை ஒன்றைத் தவிர வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. அரசு நினைத்தால் முடியும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. அரசு ஐடிஐ சேர்க்கையில் ஆண்களுக்கு உச்ச வயது 40, பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. மண்ணச்சநல்லூர்ப் பெண் புள்ளம்பாடி மகளிர் ஐடிஐயில் 54 வயதிலும் விண்ணப்பிக்கத் தடையில்லை. அந்தப் பெருந்தன்மை கலைக்கல்லூரிக்கு ஏன் வரக்கூடாது?

சேர்க்கைக் காலம் பிறந்ததும் விண்ணப்பங்கள் இணையத்தில் வரும். அந்தப் பெண் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி எல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். விண்ணப்பத்தின் கடைசியில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அப்பா போய் இருபது வருடமாயிற்று, அம்மா போய் பத்து. கணினிக்கு முன்னால் இருக்கும் பையன் நிமிர்ந்து பார்த்து, “உங்க பையன் கையெழுத்து போடுவாராம்மா?” என்று கேட்பான். அந்தக் கட்டத்தை எடுத்துவிட ஆட்சிக்குழு கூட வேண்டாம். பல்கலைக்கழகக் கணினிப் பிரிவில் ஒரு மத்தியானம் போதும்.